லெ மோர்ன் கரையில் ரீயூனியன் அலை: கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு அறுபடுவது ஏன்?

கேள்வி
எழுதியவர்: கடலோரவாசி (லா கோலெத், மொரிஷியஸ்)

அனைவருக்கும் வணக்கம். தென்மேற்குக் கரையில், லெ மோர்ன் மலை கண்ணெதிரே நிற்கும் ஊரில், சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு வருகிறோம். முன்பதிவு, பணப் பரிமாற்றம், டாக்ஸி ஏற்பாடு எல்லாமே கைபேசியில்தான் நடக்கின்றன என்பதால், நெட்வொர்க் தடுமாறினால் எங்கள் பிழைப்பும் சேர்ந்து தடுமாறுகிறது.

கோடை மாதங்களில், அதிலும் காற்று ஓய்ந்து புழுக்கம் கூடிய நாள்களின் மாலையில், ஒரு தொல்லை வருகிறது. திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாக நிற்கின்றன. எதிர்முனையில் பேசுபவரின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசுவதோ அவருக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேருகிறது. அறைகளின் புகைப்படங்களை அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் காணொளி பார்த்தால் தங்குதடையின்றி ஓடுகிறது. இரவில் வெகுநேரம் இப்படி இருந்துவிட்டு, காலையில் வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கியதும் தானாகவே சரியாகிவிடுகிறது. கத்ர் போர்னில் இருக்கும் என் தங்கை அதே நிறுவனத்தின் சிம்மையும் அதே வகைக் கைபேசியையும்தான் வைத்திருக்கிறாள். அவளுக்கு இப்படி ஒருநாளும் நேர்ந்ததில்லை.

அப்படியொரு மாலையில் அமைப்புகளுக்குள் சென்று நெட்வொர்க்கைத் தேடச் செய்தபோது, நம் நாட்டு நிறுவனங்களின் பெயர்களுக்குக் கீழே 647 என்று தொடங்கும் எண்களும் வந்து நின்றன. அது ரீயூனியன் தீவுக்குரிய குறியீடு என்று பின்னர் அறிந்துகொண்டேன். அதைத் தேர்ந்தெடுத்தால், சற்று முயன்றுவிட்டு இணைக்க இயலவில்லை என்கிறது. என் நிறுவனத்தின் கடையில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னதற்கு, கைபேசி பழையது, புதிது வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீவின் நெட்வொர்க் எங்கள் ஊர் நெட்வொர்க்கைக் கெடுக்க முடியுமா? அல்லது எங்கள் ஊருக்குப் பின்புறம் அண்மையில் எழுப்பப்பட்ட, வேறொரு நிறுவனத்தின் கோபுரம்தான் காரணமா? இரண்டுமே அண்டை நெட்வொர்க்குகள்தாம். எதைக் குறித்து யாரிடம் முறையிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: ரோஸ்ஹில் வாசகி

ஐயா, நீங்கள் சொல்வது பயனர் நெரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோடை மாலையில் லெ மோர்ன் பக்கம் எவ்வளவு கூட்டம் சேரும் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை பேரும் கதிரவன் மறைவதைப் படம் பிடித்து அதே நொடியில் அனுப்பினால் ஒரு கோபுரம் என்ன செய்யும்? மேற்குக் கரை வீடுகளில் கூரை ஆன்டெனாவைத் திருப்பி வைத்து ரீயூனியன் தொலைக்காட்சி பார்த்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் மலைமேல் நிற்கும் தொலைக்காட்சி நிலையத்தின் ஆற்றல் வேறு, தெருமுனைக் கைபேசிக் கோபுரத்தின் ஆற்றல் வேறு. முதலில் வைஃபை வழியாக அழைத்துப் பாருங்கள். பேச்சு அறுபடாவிட்டால் கைபேசியில் குறையில்லை என்பதாவது உறுதியாகும்.

பதில் 2
எழுதியவர்: அலைமானி (எபேன்)

வணக்கம். தமிழ்நாட்டில் கைபேசிக் கோபுரங்களின் அலை அளவீட்டுப் பணியில் இருந்துவிட்டு இங்கு வந்து அதே தொழிலைச் செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நெரிசலை அம்மையார் நினைவூட்டியது சரியே. எந்த ஆய்வும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் நெரிசல் வந்தால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் பதிவிறக்கம்தான். இங்கே காணொளி ஓடுகிறது, பதிவேற்றம் மட்டும் நின்றுபோகிறது. அதுவும் கூட்டம் கலைந்த நள்ளிரவிலும் தொடர்ந்து, காற்று வீசியதும் சரியாகிறது. கூட்டத்துக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு?

சிக்னல் கோடுகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்காரர்களே பல நேரங்களில் இதில் குழம்புகிறார்கள். அந்தக் கோடுகள் கோபுரத்தின் அலை உங்கள் கைபேசியை எவ்வளவு வலுவாக வந்தடைகிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் கைபேசியின் அலை கோபுரத்தை எப்படிச் சென்றடைகிறது என்பதைக் காட்ட அவற்றால் இயலாது. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. கைபேசியோ வழக்கமாக அதிகபட்சம் 200 மில்லிவாட்டில்தான் பேசுகிறது. எனவே கோபுரத்தின் காதருகே அயல் அலையொன்று இரைந்துகொண்டிருந்தால், உங்கள் திரையில் ஐந்து கோடுகள் இருக்கும்போதே உங்கள் குரல் அங்கே மூழ்கிப்போகும். கைபேசி பழையது என்ற விடை இதற்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி உங்கள் முதற்கேள்வி. ரேடியோ அலை சாதாரண வானிலையில் எட்டும் அடிவானத்தைத் தோராயமாகக் கணக்கிட, ஆன்டெனா நிற்கும் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் போதும். உயரத்தை மீட்டரில் கொடுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ரீயூனியனின் கிழக்குச் சரிவில் பிளேன் தே பால்மிஸ்த் ஊர் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து கடலை நோக்கித் திறந்து நிற்கும் ஆன்டெனாவின் அடிவானம் 130 கிலோமீட்டர். நம் பக்கத்தில் 250 மீட்டர் மேட்டில் நிற்கும் கோபுரத்தின் அடிவானம் 65 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 195. அதாவது இவ்விரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் காணக்கூடியவை. தட்டையான ஊர்களில் இத்தொலைவு கனவிலும் நடவாது. இரண்டு எரிமலைத் தீவுகள், நடுவில் மறைக்க ஒன்றுமில்லாத கடல் என்பதுதான் நம் நிலைமை.

அடுத்தது வானிலை. உயரம் கூடக் கூடக் காற்றின் வெப்பமும் ஈரமும் மாறுவதால் அலை வழக்கமாகச் சற்றே கீழ்நோக்கி வளைகிறது. காற்று அடங்கிய நாள்களில் கடலை ஒட்டி ஈரக்காற்றும் அதன்மேல் வறண்ட வெப்பக்காற்றும் அடுக்கடுக்காகத் தங்கிவிட்டால், அந்த வளைவு பூமியின் வளைவையே விஞ்சிவிடுகிறது. அப்போது அலை மேலே தப்பிச் செல்லாமல், வாய்க்காலில் விட்ட நீரைப் போல அந்த அடுக்குக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை ஓடுவதற்கு அவ்வடுக்கு தோராயமாக 50 மீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 20 சொச்சம் மீட்டரே போதும். காற்று பலமாக வீசி அடுக்குகளைக் கலக்கிவிட்டால் வாய்க்கால் மறைந்துவிடும். உங்கள் மாலையும் காலையும் இதற்கு அப்படியே ஒத்துவருகின்றன.

இது எங்கோ அரிதாக நடக்கும் விந்தையன்று. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அலை பரவலைக் கணிக்க வெளியிட்டுள்ள பி.1546 பரிந்துரையில் நிலம், குளிர்ந்த கடல், வெப்பக் கடல் என்று தனித்தனி வரைகோடுகளே உள்ளன. அவையும், அலை அந்த அளவு வலுவாக வந்துசேரும் நேரம் 50, 10, 1 விழுக்காடு என்று பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. ஆண்டில் 1 விழுக்காடு என்றால் சிறிதாகத் தோன்றும். கணக்கிட்டால் அது சுமார் 88 மணி நேரம். அந்த மணி நேரங்கள் யாவும் கோடை மாலைகளிலேயே குவிந்தால், விருந்தினர் விடுதி நடத்துபவருக்கு அது ஒரு பருவம் முழுவதையும் பாழாக்கப் போதுமானது.

647 தெரிந்தும் ஏன் இணையவில்லை என்பதற்கும் விடை தொலைவில்தான் இருக்கிறது. பழைய ஜிஎஸ்எம் (2ஜி) முறையில், தொலைவிலுள்ள கைபேசியின் அலை தாமதமாக வருவதைச் சரிசெய்யும் ஏற்பாடு 63 படிகளோடு, சுமார் 35 கிலோமீட்டரில், நின்றுவிடுகிறது. 4ஜி முறையிலும் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். எனவே 175 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் பெயரைக் கைபேசி படிக்கும், உரையாட முடியாது. இங்கிலாந்தின் டோவர் பக்கத்துக் கரையில் நின்றால் கைபேசி பிரெஞ்சு நெட்வொர்க்கோடு உண்மையிலேயே இணைந்துவிடும். அங்கே கடலின் அகலம் 33 கிலோமீட்டர்தான் என்பதே வேறுபாடு.

ஆயினும் பெயர் தெரிவது வேறு, குறுக்கீடு வேறு. 900, 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளில், அதாவது அலைவரிசைத் தொகுதிகளில், கோபுரம் பேசும் அலைவரிசையும் கேட்கும் அலைவரிசையும் தனித்தனி. 900 பட்டையில் கைபேசி பேசுவது 880 முதல் 915 வரை, கோபுரம் பேசுவது 925 முதல் 960 வரை. இரு தீவுகளும் இதே ஒழுங்கைப் பின்பற்றும்போது, அங்குள்ள கோபுரம் எவ்வளவு உரக்கப் பேசினாலும் இங்குள்ள கோபுரத்தின் காதில் அது விழாது. இங்குள்ள கைபேசிகளின் காதில்தான் விழும். இந்தியாவில் இந்த ஒழுங்கு ஒருவகையில் குலைந்திருந்தது. சிடிஎம்ஏ என்ற வேறொரு கைபேசி முறையின் கோபுரங்கள் 869 முதல் 889 வரை பேச, ஜிஎஸ்எம் கோபுரங்கள் 890-இல் கேட்கத் தொடங்கின. ஒரே மொட்டைமாடியில் இரண்டும் நின்றால், அயல் அலையை வடிகட்டும் ஃபில்டர் போடாமல் தப்ப முடியாது.

5ஜி வந்தபின் கதை மாறிவிட்டது. அதன் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கோபுரமும் கைபேசியும் ஒரே அலைவரிசையில்தான், நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு, மாறி மாறிப் பேசுகின்றன. கோபுரம் பேசி முடித்ததும் சிறிது நேரம் வெற்றாக விடப்படுகிறது. நான்கு குறியீடுகளின் (குறியீடு என்பது இங்கே அனுப்பும் நேரத்தின் மிகச்சிறு துண்டு) அளவு வெற்றிடம் விட்டால் அது 143 மைக்ரோநொடி. அந்நேரத்தில் அலை 43 கிலோமீட்டர் செல்லும். அதற்குள் இருக்கும் அண்டைக் கோபுரங்கள் செயற்கைக்கோள் கடிகாரத்தைக் கொண்டு ஒரே தாளத்தில் இயங்கினால் சிக்கலில்லை. ஆனால் 175 கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 580 மைக்ரோநொடிக்கு மேல் ஆகிறது. ஆகவே இரு தீவுகளின் கடிகாரங்களும் நொடி பிசகாமல் ஒத்தியங்கினாலும், அங்குள்ள கோபுரத்தின் பேச்சு நம் கோபுரம் கேட்கத் தொடங்கிய பின்னரே வந்திறங்கி, கேட்கும் நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பதிவிறக்கம் ஓட, பதிவேற்றம் மட்டும் சாகும் உங்கள் அறிகுறி இதனோடு பொருந்துகிறது. கைபேசி நெட்வொர்க்குகளுக்கான உலகத் தரநிலையின், 2020-இல் நிறைவுற்ற 16-ஆம் வெளியீட்டில் தொலைக் குறுக்கீட்டை இனங்காணும் முறையொன்றைச் சேர்த்ததே இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகுதான்.

உள்நாட்டு அண்டைக் கோபுரத்தையும் உடனே விடுவித்துவிட வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் கோபுரம் தொலைவிலும் மற்றவருடையது வீட்டுக்குப் பின்னாலும் இருந்தால், அடுத்த அலைவரிசையின் வலு உங்கள் கைபேசியின் ஃபில்டரை மீறி உள்ளே வரும். ஜிஎஸ்எம் கைபேசி, அடுத்த 200 கிலோஹெர்ட்ஸில் தன் அலையைவிட 9 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 8 மடங்கு, வலுவான அலை வந்தாலும் தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் உத்தரவாதமில்லை. ஆனால் இது பகலிரவு பாராமல் நேரும், பதிவிறக்கத்தைத்தான் முதலில் தாக்கும்.

கடற்கரைக்கே உரிய இன்னொரு குற்றவாளியும் உண்டு: உப்புத் துரு. 930-இலும் 955-இலும் பேசும் இரண்டு கோபுர அலைகள் துருப்பிடித்த ஓர் இணைப்பிலோ அருகிலுள்ள தகரக் கூரையிலோ சந்தித்தால், அந்தத் துருவே ஒரு கலப்பியாக மாறி, 930-ஐ இரட்டித்து 955-ஐக் கழித்தால் வரும் 905-இல் புதிய அலையைப் பிறப்பிக்கும். அது கோபுரம் கேட்கும் பட்டைக்குள் நேராக விழுகிறது. ஆணி தளர்ந்த ஒரு தகடு ஒரு கோபுரத்தையே செவிடாக்கி வைத்திருந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தகட்டை மரக்கோலால் அழுத்திப் பிடித்தபோது திரையில் இரைச்சல் இறங்கியது, கோலை எடுத்ததும் ஏறியது. ஆனால் அது காற்றடிக்கும்போதுதான் கூடுதலாக ஆட்டம் போடும். உங்கள் தொல்லையோ காற்றடித்தால் தீர்கிறது.

எனவே அடுத்த முறை இப்படி நேரும்போது, கைபேசியை 4ஜி மட்டும் என்று மாற்றிவிட்டுப் பதிவேற்ற வேகத்தை அளந்து இங்கே எழுதுங்கள்.

பதில் 3
எழுதியவர்: கிழக்குக்கரைத் தமிழன் (சேந்த் ரோஸ், ரீயூனியன்)

உங்களுக்கு 647 தெரிவதைப் போல எங்கள் கரையில் சில மாலைகளில் 617 தெரியும். அது உங்கள் நாட்டுக் குறியீடு. மீன்பிடிக்கச் செல்பவர்கள் கரையை விட்டு விலக விலக இதை அதிகம் காண்பதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு இதில் இரைச்சலைவிடக் கட்டணத்தைப் பற்றிய அச்சமே பெரிது. ரீயூனியன் பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பிய ரோமிங் சலுகை எங்களுக்கு உண்டு. மொரிஷியஸ் அதற்கு வெளியே இருக்கிறது. படகில் வெளிக்கடலுக்குச் செல்லும்போது கைபேசி தவறிப்போய் அங்கே ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும். ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியாக விடாமல், சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே பூட்டி வைப்பது நல்லது. அயல் கோபுரத்தை ஓயாமல் தேடி பேட்டரி தீர்வதும் குறையும்.

அலைமானி ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் கோபுரத்தை எங்கள் கோபுரம் செவிடாக்கினால், அதே மாலையில் எங்கள் கோபுரத்தையும் உங்களுடையது செவிடாக்க வேண்டுமல்லவா? நில எல்லை உள்ள நாடுகள் இதை எப்படித் தீர்த்துக்கொள்கின்றன?

பதில் 4
எழுதியவர்: கடலோரவாசி (லா கோலெத், மொரிஷியஸ்)

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை காற்று அடங்கியிருந்தது, தொல்லையும் வந்தது. 5ஜியில் பதிவிறக்கம் வழக்கம்போலவே இருந்தது, பதிவேற்றமோ அளக்கும் செயலியில் முள் நகரவே இல்லை. 4ஜி மட்டும் என்று மாற்றியவுடன் புகைப்படங்கள் போய்ச் சேர்ந்தன, என் குரலும் தெளிவாகக் கேட்டதாகத் தங்கை சொன்னாள். மீண்டும் 5ஜிக்கு வந்தால் மீண்டும் அதே கதை. வாசகி அம்மையார் சொன்னபடி வைஃபை வழியாகவும் அழைத்தேன். ஒரு குறையும் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். மலையின் மறைவில் இருக்கும் பின்னறையில் நின்றால் கோடுகள் குறைகின்றனவே தவிர, பதிவேற்றம் அங்கேயும் அதே நேரத்தில் நின்றுவிடுகிறது.

பதில் 5
எழுதியவர்: அலைமானி (எபேன்)

பின்னறைச் சோதனை பயனுள்ளது. குறுக்கீடு உங்கள் கைபேசியின் காதில் விழுந்திருந்தால் மலை மறைவில் நிலைமை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதால் செவிடாவது கோபுரம்தான் என்று கொள்ளலாம். அது கடலைப் பார்த்து நிற்கும்வரை நீங்கள் எந்த அறையில் நின்றாலும் ஒன்றே. 4ஜி தப்பிப்பதும் நேரப் பங்கீட்டுப் பட்டையைத்தான் சுட்டுகிறது. ஆயினும் உறுதி சொல்ல நிறுவனத்தின் பக்கத்து அளவீடு வேண்டும். கோபுரத்தில் கேட்கும் நேரத்து இரைச்சல் அளவு மணிவாரியாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். தொலைக் குறுக்கீட்டின் இரைச்சல் கேட்கும் நேரத்தின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்து, போகப்போகச் சரிவாக இறங்கும். பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சரிவு ஒன்றே போதும்.

ரீயூனியன் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. ஆம், வாய்க்கால் இரு திசையிலும் ஒன்றுபோலவே ஓடுகிறது. இங்கே பாதிக்கப்படுபவரே அங்கே பாதிப்பவராகவும் இருக்கிறார். அதனால்தான் இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் பயனில்லை. நில எல்லைகளில் ஐரோப்பிய நாடுகள் இதற்கென்று அளவுகள் வகுத்துக்கொண்டிருக்கின்றன. 900 பட்டை ஜிஎஸ்எம்மில் அலைவரிசைகளைத் தங்களுக்குள் பங்கிட்டு, ஒரு நாட்டுக்கு முன்னுரிமை தரப்பட்ட அலைவரிசையானால், அது எல்லையைத் தாண்டி 15 கிலோமீட்டர் உள்ளே, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில், மீட்டருக்கு 19 டெசிபெல்-மைக்ரோவோல்ட் (அலையின் வலுவை அளக்கும் அலகு) வரை இருக்கலாம் என்று பரிந்துரை சொல்கிறது. முன்னுரிமை இல்லாத அலைவரிசையானால் எல்லைக் கோட்டிலேயே அந்த அளவுக்குள் அடங்கிவிட வேண்டும். 4ஜியில் கோபுரங்களுக்குத் தரப்படும் 504 அடையாள எண்களைக்கூட எல்லையோரத்தில் நாடுவாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். 15 கிலோமீட்டர் என்பதெல்லாம் வேலிக்கு இருபுறமும் நிற்பவர்களின் கணக்கு. நடுவே இத்தனை கடல் கிடக்கும்போது எல்லைக்கோட்டு அளவைவிட, கோபுரம் எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதே முக்கியம் என்பது என் கருத்து.

தீர்வுகள் அரிதானவை அல்ல. கடலை நோக்கிய ஆன்டெனாவை ஓரிரு பாகை கூடுதலாகக் கீழே சாய்த்தால் அடிவானத்தை நோக்கிப் போகும் ஆற்றலும் அங்கிருந்து வருவதும் ஒருசேரக் குறையும். கரைக்கு அப்பால் மீனவர்களுக்குக் கிடைக்கும் சிக்னலும் சற்றுக் குறையும் என்பது அதன் விலை. தொல்லை நேரும் மணிகளில் மட்டும், கோபுரம் பேசும் நேரத்தின் கடைசிப் பகுதியை வெற்றாக விடலாம். வேகம் சிறிது குறையும், அயலாரின் காது பிழைக்கும். அல்லது கைபேசிகளின் பதிவேற்றத்தை அந்நேரத்தில் 4ஜி பட்டைக்கு நகர்த்தலாம். இது ஆளனுப்பாமல் மென்பொருளிலேயே செய்யக்கூடியது என்பதால், முதலில் இதைத்தான் கேட்பேன். நீங்களும் அதுவரை கோடை மாலைகளில் 4ஜியிலேயே இருந்துவிடுங்கள்.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ சந்தையில் வாங்கிய சிக்னல் பூஸ்டர் எதுவும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டால் அது ஊளையிடத் தொடங்கி, ஒரு கோபுரத்தின் கேட்கும் பட்டை முழுவதையும் இரைச்சலால் நிரப்பிவிடும். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் கொண்டுவந்து தரும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசியும் அப்படித்தான். அங்கே அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்க அனுமதி உண்டு. இங்கே 2100 பட்டையில் கோபுரங்கள் கைபேசிகளைக் கேட்கும் இடம் அதுவே. ரோஸ் ஹில்லில் ஒரு கோபுரத்தின் தொல்லையைத் தேடிப்போய், வரவேற்பறையில் பூத்தையல் துணி விரித்து வைத்திருந்த அத்தகைய தொலைபேசியின் முன்னால் நாங்கள் போய் நின்றிருக்கிறோம்.

முறையீட்டை முதலில் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள், கடையில் வாயால் சொல்ல வேண்டாம். விடை வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலோடு தகவல் தொடர்புத் தொழில்நுட்ப ஆணையத்துக்கு, அதாவது நம் நாட்டின் ஐசிடிஏவுக்கு, எழுதலாம். அடுத்த தீவோடு பேச வேண்டியிருந்தால் பேசும் தகுதி அரசுத் தரப்புக்குத்தான் உண்டு; அங்கே அலைவரிசைகளைக் கண்காணிப்பது பிரெஞ்சு அரசின் ஏஎன்எஃப்ஆர் முகமை. கடிதத்தில் நெட்வொர்க் சரியில்லை என்று மட்டும் எழுதினால் அது நெரிசல் கோப்புக்குள் போய்விடும். நாள், தொடங்கிய நேரம், தீர்ந்த நேரம், காற்று இருந்ததா இல்லையா, 5ஜியிலும் 4ஜியிலும் பதிவேற்ற வேகம், தேடலில் 647 தெரிந்ததா என்பவற்றோடு, அளக்கும் செயலியில் தெரியும் கோபுரத்தின் செல் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள். அந்த எண் இருந்தால்தான் பொறியாளர் எந்தக் கோபுரத்தின் பதிவைத் திறந்து பார்ப்பது என்று தேடிக்கொண்டிராமல் நேராக அதற்குச் செல்ல முடியும்.